நூற்று மூன்றில் நின்றவர்

"தண்ணியாவது குடிங்கப்பா! வெறும் தண்ணி! அதுல என்ன எண்ணெயா மிதக்குது?"

"தண்ணிக்கு எடை இல்லையா? அரை லிட்டர் குடிச்சா அரை கிலோ ஏறும். எனக்குக் குறைய வேண்டியதே அந்த அரை கிலோதான். டீச்சரா இருக்கே, இதுகூடத் தெரியாதா?"

"மயக்கம் போட்டு விழுந்தா?"

"விழுந்தா தராசு மேலதான் விழுவேன். தள்ளு அந்தப் பக்கம்!"

காலை ஏழு மணி. என் வீட்டுக் குளியலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் ஒரே சுவர். பல் தேய்க்கப் போனவள் பல் தேய்க்காமலே நின்றுகொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்பது என் பழக்கம் இல்லை. வீட்டைக் கட்டியவன் செங்கல்லை மிச்சம் பிடித்தால் நான் என்ன செய்ய?

கத்திய இருவரில் ஒருவர் உச்சியார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. தெரு வைத்த பெயர் இது. முப்பது மாடிக் கட்டடமானாலும் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிக் கண்ணாடியைத் துடைக்கிற வேலை. முதல் கயிறு அவருடையது, அதாவது குழுவுக்குத் தலைவர். ஒன்றரை வருஷமாக உச்சியார் தரையில் நின்று மற்றவர்களுக்கு வாளி நிரப்பிக் கொடுக்கிறார். பெயரை மட்டும் யாரும் கீழே இறக்கவில்லை.

காரணம், இடுப்பில் மாட்டும் பெல்ட். "நூறு கிலோ வரை" என்று அதில் அச்சடித்திருக்கிறது. இவர் அப்போது நூற்று இருபத்தொன்று.

மற்றவள் அவருடைய ஒரே மகள், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அப்பாவுக்கு நடைக்கு நேரம், சாப்பாட்டுக்கு அளவு, எல்லாவற்றுக்கும் நோட்டு என்று போட்டுக் கொடுத்தவள் அவள்தான். முதல் நாலு மாதத்தில் பன்னிரண்டு கிலோ இறங்கியது. தெருவே வாயைப் பிளந்தது. அப்புறம் மாதத்துக்கு ஒரு கிலோ. அப்புறம் நூற்று மூன்றில் வந்து நின்றது பாருங்கள், ஏழு வாரம் அசையவில்லை. அதன் பிறகுதான் அதிசயம்: வாரத்துக்கு அரை கிலோ வீதம் மறுபடி இறங்கத் தொடங்கியது. ஐந்தாவது திங்கட்கிழமை நூறரை. அந்த மனிதர் தெருமுனைவரை விசிலடித்துக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குக் கம்பெனி யார்டில் எடை பார்ப்பார்கள். நூறு என்றால் முதல் கயிறு திரும்பக் கைக்கு வரும். தாண்டினால் அது வேறு ஆளுக்கு நிரந்தரமாகப் போய்விடும். பிறகு அந்த ஆள் விலகினால்தான் உண்டு. அந்த வேறு ஆள் யார்? உச்சியாரின் மச்சான். சம்சாரத்தின் கூடப் பிறந்த தம்பி. ஒன்றரை வருஷமாகத் தற்காலிகமாக மேலே தொங்குவது அவன்தான்.

சம்சாரத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லையே. பார்சல் அக்கா. தபால் ஆபீஸில் பார்சல் கவுண்டரில் இருபது வருஷம். திங்கள்தோறும் உச்சியார் எடை பார்ப்பது அங்கே, மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில்தான். மூட்டைகளுக்கு நடுவே அவரும் ஒரு மூட்டையாக ஏறி நிற்பார். எண் தெரிகிற பெட்டி கவுண்டருக்கு உள்பக்கம் பார்த்திருக்கும். அவர் கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பார்.

இவ்வளவு சத்தத்திலும் அந்தப் பார்சல் அக்காவின் குரல் மட்டும் கேட்கவில்லை. டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. அதே டப்பா, மூன்று தரம்.

எட்டரைக்கு மச்சான் பைக்கில் வந்து இறங்கினான். நான் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இரண்டாவது முறை. செடி பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

"மாமா, ரெடியா? பெல்ட்டைத் துடைச்சு கொக்கிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன். இன்னிக்கு நான் கீழ, நீங்க மேல."

"வா மச்சான். வாளி தூக்கப் பழகிக்க. முதுகு நிமிராது, சொல்லிட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். உச்சியாரின் உதடு காய்ந்து வெள்ளையாக இருந்தது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அப்போதுதான் பார்சல் அக்கா வாசலுக்கு வந்தாள்.

"இன்னிக்குப் போகாதீங்க."

"என்னது?"

"உடம்பு சரியில்லைன்னு சொல்லுங்க. ஒரு மாசம் தள்ளிக் கேட்டுப் பாருங்க."

"தள்ளவா? இன்னிக்கு விட்டா இந்தக் கயிறு எனக்கு இல்ல. தெரியுமா தெரியாதா? நூறரை இருந்துச்சு, நேத்துலேருந்து பட்டினி. நூறுக்குக் கீழேயே வந்திருப்பேன்."

"நூறரை இல்லீங்க."

"என்ன இல்ல?"

"நூத்தி மூணு." அவள் குரல் பார்சல் எடை சொல்கிற குரலாகவே இருந்தது. "அஞ்சு வாரமாவும் நூத்தி மூணுதான். நான்தான் குறைச்சுக் காட்டினேன்."

குழாயை மூடினேன். இந்த மாதிரி நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் இடைஞ்சல்.

"எப்படிம்மா?" மகள் வெளியே ஓடி வந்தாள். "அப்பாதானே எட்டிப் பார்த்தாரு? எண்ணை அவர் கண்ணால பார்த்தாரே!"

விஷயம் இதுதான். பார்சல் கவுண்டரில் சில்லறைப் பார்சல்களை நீலக் கூடையில் போட்டு நிறுப்பார்கள். கூடையின் எடையைக் கழிக்க, முதலில் வெறுங்கூடையை மேடையில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும். பிறகு எதை வைத்தாலும் கூடை எடை தானாகக் கழியும். இருபது வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் அவள் செய்கிற வேலை. முதல் திங்கள், கூடைக்குப் பதில் ஒரு பசை டப்பாவை வைத்து அழுத்தி, டப்பாவை எடுத்துவிட்டாள். அரை கிலோ கழிந்தது. அடுத்த வாரம் டப்பாவோடு நூல் கண்டு. அதற்கடுத்த வாரம் முத்திரைப் பெட்டியும் சேர்ந்தது. ஐந்தாவது வாரம் இரண்டரை கிலோ.

பார்சல் அக்காவுக்கு வாயால் பொய் சொல்ல வராது. நானே எத்தனையோ தரம் ஆசையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் பொய்யை மெஷின் தலையில் கட்டிவிட்டாள்.

உச்சியார் மனைவியைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்தார். மெதுவாக, தலைமுதல் கால்வரை.

"ஓ... அதான் சங்கதியா?"

"என்ன மாமா சங்கதி?"

"தம்பி மேலேயே இருக்கணும், புருஷன் கீழ வாளி தூக்கணும். அக்காவும் தம்பியும் நல்லாத்தான் பேசி வெச்சிருக்கீங்க. இறங்குது இறங்குதுன்னு எனக்கு விசிலடிக்கக் கத்துக் கொடுத்துட்டு, இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி மேடையில ஏத்தி..."

"மாமா, அந்த வார்த்தையை வாபஸ் வாங்குங்க." மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றினான். காது இரண்டும் சிவந்திருந்தன. "எனக்கு இப்பத்தான் தெரியும். என் தலைல அடிச்சுச் சொல்றேன்."

"உன் தலை யாருக்கு வேணும்? என் இடத்துலதானே உன் கண்ணு."

"அப்பா, போதும்!"

"இந்த வீட்டுல யாரும் எனக்கு வண்டி ஓட்ட வேண்டாம். நான் நடந்தே போறேன். நடக்கிறதுல எடை குறையுமாமே, டீச்சரம்மா சொல்லியிருக்காங்க!"

நாக்கு ஒட்டிக்கொண்ட வாயோடு, நாலு கிலோமீட்டர், அந்த வெயிலில் நடந்து போனார். மச்சான் பைக்கைத் தள்ளிக்கொண்டே பத்தடி பின்னால் போனான். பார்சல் அக்கா வாசலில் நின்றாள். அழவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். கவுண்டர் ஒன்பதரைக்குத் திறந்தாக வேண்டும்.

யார்டில் நடந்தபோது நான் இல்லை. ஆனால் யார்டு காவலாளியின் மனைவி எனக்குத் தோழி. அவள் சொன்னதும் மச்சான் பின்னால் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றன. நான் சரிபார்த்துவிட்டேன்.

எடை பார்ப்பது பாதுகாப்பு அதிகாரி. சின்ன வயசுப் பெண், முடியை இறுக்கிக் கட்டியிருப்பாள், சிரிப்பை அதைவிட இறுக்கி. ஆள்கள் வைத்த பெயர் "கறார் மேடம்". நோட்டும் பேனாவுமாக ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். எடை மேடைக்குப் பின்னால் சுவர். மேடைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒதுங்கி நிற்கிற அளவு இடம்.

அந்த இடத்தில் மச்சான் போய் நின்றதை யாரும் கவனிக்கவில்லை. பெல்ட் கொக்கியைச் சரிசெய்கிறவன் மாதிரிக் குனிந்திருந்தான்.

உச்சியார் பெல்ட்டோடு ஏறினார். விதி அப்படி, மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், பெல்ட்டின் எடையை அப்புறம் கழிப்பார்கள்.

"அசையாதீங்க. பெல்ட் போக, நூத்தி ரெண்டு புள்ளி நாலு," என்றாள் கறார் மேடம். "எண் நிக்கட்டும்."

எண் நிற்கவில்லை. நூற்று இரண்டு. நூற்று ஒன்று புள்ளி மூன்று. நூறு புள்ளி எட்டு.

சுற்றி நின்ற ஆள்கள் மூச்சு விடவில்லை. உச்சியாருக்கு முதலில் கண்தான் இருட்டுகிறது என்று தோன்றியதாம். அப்புறம் இடுப்பில் தெரிந்தது. பெல்ட்டின் பின்வளையத்தை ஒரு கை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக, நிதானமாக, எந்தக் கயிற்றையும் பதறாமல் இழுத்துப் பழகிய கை. அந்த இடத்துக்கு ஆசைப்படுகிறவன் என்று காலையில் பழி சுமந்தவனுடைய கை.

தொண்ணூற்று ஒன்பது புள்ளி ஒன்பது.

கறார் மேடம் பேனாவை எடுத்தாள்.

ஒரே ஒரு நொடிதான். வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் போதும். மறுநாள் காலை இருபத்தெட்டாவது மாடியில் காற்று வாங்கியிருப்பார். ஒன்றரை வருஷம் வாளிக்குள் பார்த்த வானத்தை நேரில் பார்த்திருப்பார்.

"கையை எடு, மச்சான்."

"மாமா..." பின்னாலிருந்து கிசுகிசுப்பு. "எழுதட்டும், பேசாம இருங்க."

"எடுடா! நாளைக்கு மேல நான் தொங்கறப்போ பின்னாடி நின்னு பிடிச்சுப்பியா? கயிறு நோட்டைப் படிச்சுட்டா பிடிக்குது?"

எண் தடதடவென்று ஏறியது. நூற்று இரண்டு புள்ளி நாலு. கறார் மேடம் எழுந்து மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மச்சான் தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பூனை மாதிரி நிமிர்ந்தான்.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்து, தராசு காட்டிய எண்ணை எழுதினாள். முதல் கயிறு மச்சானுக்கு என்று எழுதினாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே, "நீங்க சாயங்காலம் என் ரூமுக்கு வந்து பாருங்க," என்றாள் மச்சானிடம். அந்தக் குரலில் சஸ்பெண்ட் ஆர்டர் வாசனை அடித்தது என்று எல்லோரும் பயந்தார்கள்.

உச்சியார் பெல்ட்டைக் கழற்றி மச்சான் கையில் கொடுத்தார். குழாயடிக்குப் போய், குனிந்து, வாயை நேராகக் குழாயில் வைத்துக் குடித்துக்கொண்டே இருந்தாராம்.

சாயங்காலம் ஐந்தரைக்கு நான் மறுபடி குளியலறையில். துவைக்கத் துணி இருந்தது. இல்லாமல் இல்லை.

மகள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரளும் சத்தம் அவ்வளவு கோபமாக இருந்தது. பார்சல் அக்கா உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் மகள் ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ அப்பாவை மட்டும் ஏமாத்தல. என் நோட்டையும் ஏமாத்திட்ட. எடை நின்னா என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தானே படிச்சிருக்கேன்? நூத்தி இருபத்தொண்ணா இருந்தப்ப அப்பா மாடி ஏறினா, உடம்பு அத்தனை சுமையையும் மேல தூக்கிச்சு. இப்ப பதினெட்டு கிலோவை இறக்கி வெச்சுட்டு ஏறுறாரு. அதே மாடிதான், உடம்புக்கு வேலை கம்மி. சாப்பாடு மட்டும் பழைய அளவுலயே போகுது. அப்போ நிக்கத்தானே செய்யும்? ஏழு வாரம் பொறுத்துப் பார்த்துட்டு, அந்த வாரமே அளவை மாத்தியிருப்பேன், பளு தூக்க வெச்சிருப்பேன். அஞ்சு வாரம்மா! இறங்குது இறங்குதுன்னு நான் எதையும் தொடல."

"அப்போ என் தப்பு இல்லையா?" உச்சியாரின் குரல். காலையிலிருந்த வேகம் இல்லை.

"இருக்குப்பா. இறங்குதுன்னு சந்தோஷத்துல ஒரு கை கடலை ரெண்டு கை ஆயிருக்கு. ஞாயித்துக்கிழமை நடை மூணு வாரமா இல்ல. பிஸ்கட்டுக்கு நேரா 'சின்னது'ன்னு எழுதியிருக்கீங்க. சின்னதுன்னா எத்தனைப்பா?"

சின்னது என்றால் நாலு. கடைக்காரர் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"நீ ஏன் இதைச் செஞ்சே?" உச்சியார் மனைவியைக் கேட்டார். "உன் தம்பிக்காக இல்ல. அது இப்போ தெரியும். அவன் பண்ணின காரியம்... அப்போ எதுக்கு?"

பார்சல் அக்கா நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடியும் குறைச்சீங்க. ஞாபகம் இருக்கா? அப்பவும் ஒரு இடத்துல நின்னுச்சு. ஏழாவது வாரம் நீங்க மேடையை விட்டு இறங்கவே இல்ல. பின்னாடி பத்துப் பேர் பார்சலோட நிக்கிறாங்க, நீங்க அந்த எண்ணையே பார்த்துட்டு நிக்கிறீங்க. அன்னிக்குச் சாயங்காலம் பேக்கரிக்குப் போனீங்க. அப்புறம் தினமும் போனீங்க. மூணு மாசத்துல பதினாலு கிலோ திரும்பி வந்துச்சு. அப்புறம் அதுக்கு மேலயும் வந்துச்சு. மாடிப்படியில பாதியில உக்காந்துட்டு, மேல வர்றேன் போன்னு என்னை அனுப்புவீங்க. நான் மேல நின்னு உங்க மூச்சுச் சத்தத்தை எண்ணிட்டு இருப்பேன்."

அக்காவே தொடர்ந்தாள்.

"இந்தத் தடவையும் ஏழாவது வாரம். மேடையில அதே மூஞ்சி. கையில பசை டப்பா இருந்துச்சு, வெச்சு அழுத்திட்டேன். ஒரு வாரம் சந்தோஷமா இருந்தா அடுத்த வாரம் தானா இறங்கிடும், அப்போ டப்பாவை எடுத்துடலாம்னு பார்த்தேன். இறங்கல."

"கயிறு போயிடுமேன்னு தோணலையா உனக்கு?"

"போனா போகட்டும்னுதான் தோணிச்சு. நீங்க பேக்கரிக்குப் போகக் கூடாது. எனக்கு அவ்வளவுதான்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாளியைத் தட்டிவிடாமல் நின்றேன்.

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் உச்சியார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. "நின்னா நின்னுச்சுன்னு சொல்லு. நூத்தி மூணுன்னா நூத்தி மூணு. தாங்கிக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட. முப்பது மாடியில ஒத்தைக் கயித்துல என்னை விட்டுட்டு நீ நிம்மதியாத் தூங்கியிருக்கே. ஒரு எண்ணைச் சொல்ல மட்டும் என்னை நம்பல."

"நம்பல," என்றாள் அக்கா. "நம்பாததுதான் நிஜம்."

"சரி. இனிமே உன் மேடையில நான் ஏற மாட்டேன்."

"அப்பா, எடை பார்க்காம எப்படி..."

"பார்ப்பேன். எங்கே பார்க்கணுமோ அங்கே பார்த்துக்கறேன். யாருக்கும் சொல்ல மாட்டேன். நீ அளவை மட்டும் மாத்திக் கொடு. பளுன்னா எத்தனை கிலோ?"

மகள் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைக் கிழிப்பது போலத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஊருக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மச்சான் அன்று சாயங்காலம் கறார் மேடத்தின் அறைக்குப் போனான். முக்கால் மணி நேரம் திட்டு. மறுநாள் கயிற்று விதிகளை ஒப்பிக்கச் சொல்லியிருந்தாள், போனான். மூன்றாம் நாள் ஒப்பிக்க ஒன்றும் இல்லை, அன்றைக்கும் போனான். எட்டாவது மாதம் இருவருக்கும் கல்யாணம். கல்யாணத்தில் அவள் சிரித்ததை நானே இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவளுக்குத் துறைமுகத்துக் கிளைக்கு மாற்றல் வர, இவனும் கூடவே கிளம்பினான்: இரண்டு பெட்டி, ஒரு வாஷிங் மெஷின், ஒரு பெல்ட். லாரி புறப்படுகிறபோது உச்சியார் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்து, "காத்து பலமா அடிக்கிற ஊரு, பார்த்துத் தொங்கு" என்று மட்டும் சொன்னார்.

பார்சல் அக்கா எழுதிக் கொடுத்துத் தபால் தலை கவுண்டருக்கு மாறிவிட்டாள். அங்கே நிறுக்க எதுவும் இல்லை. மகள் எங்கும் போகவில்லை. இரண்டு வரன் வந்தது, இரண்டையும் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டாள். உச்சியார் இந்த எட்டு மாதமும் திங்கள்தோறும் காலையில் தனியாக எங்கோ போய் வந்தார். எங்கே என்று மூன்று மாதத்தில் கண்டுபிடித்துவிட்டேன், காய்கறி மொத்த மண்டி. எவ்வளவு என்பதுதான் கிடைக்கவில்லை. முகம் சில வாரம் கல்லாக இருக்கும், சில வாரம் அதைவிடக் கல்லாக இருக்கும். ஆனால் பேக்கரிப் பக்கம் போகவில்லை. அதற்கு நான் சாட்சி.

மச்சான் போன மறுநாள் யார்டு கதவில் ஒட்டினார்கள்: முதல் கயிறு காலி. அன்று சாயங்காலம் உச்சியார் கையில் விண்ணப்பத் தாளோடு வந்தார். பார்சல் அக்கா வாசலில் நின்றிருந்தாள். தாளைப் பார்த்தாள். எட்டு மாதமாகக் கேட்காததைக் கேட்டாள்.

"எவ்வளவு இருக்கீங்க?"

அவர் தெருவை ஒரு தரம் பார்த்தார். குறிப்பாக என் பக்கம். பிறகு குனிந்து அவள் காதோடு சொன்னார்.

நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். கேட்கவில்லை. சரி, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அவள் தலையை ஒரு தரம் ஆட்டிவிட்டு, "பேனா உள்ள இருக்கு, வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டாள்.